நாற்பத்தொன்றாம் கிணறு

மாவுக்கட்டு பிரித்த அன்று சாயந்திரம்
கணினி முன் உட்கார்ந்தேன்.
பெயரைக் காட்டியது: தயாபரன்.
கீழே ஒரு வெள்ளைக் கட்டம்.
அதில் என்ன அடிப்பேன் என்று
எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை,
வலக்கைக்குத்தான் தெரியும்.
பசுமாத்தூர்க் கிணற்றுப் படியில் வழுக்கி
மணிக்கட்டு ஒடிந்த கை
ஆறு வாரம் கட்டுக்குள் கிடந்து
வெளுத்து, மெலிந்து,
யாருடையதோ போல வந்திருந்தது.

அடித்தேன். தவறு.
வண்டி எண், சம்பளக் கணக்கு எண்,
சொல்ல வெட்கமான ஒரு பெயர்கூட.
தவறு.

ராத்திரி பதினொன்றுக்கு
இயந்திரத்தைப் பின்வாசல் வழியாக எழுப்பி
புதுக் கடவுச்சொல் ஒன்றைத் திணித்தேன்.
ஏற்றுக்கொண்டது.
உள்ளே போனால் வீடு காலி.
நடுக்கூடத்தில் ஒரே ஒரு சீட்டு:
இது உரிமையாளருக்கு மட்டும்.

காகிதப்பட்டறையில் மெஹ்தாபின் கடை
மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர முடியாது.
அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"வாசக் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டுட்டீங்க சார்.
பீரோ சாவி பழைய பூட்டோட வயித்துலயே கெடக்கு."
கறுப்புத் திரையில் ஏதோ தட்டி
ஒளிந்திருந்த அடுக்கைக் காட்டினாள்.
எல்லாம் இருந்தது.
பெயர்கள் மட்டும் நீள நீளமாய்ப் பிதற்றின,
ஜுரத்தில் கிடப்பவன் மாதிரி.
தேதிகளை யாரும் மறைக்கவில்லை.
2019 ஜூன் 30, நள்ளிரவு தாண்டி ஒன்று:
லத்தேரிப் பக்கம் பதினான்கு கிணறு
ஒரே மாதத்தில் அடிமண் காட்டியதே, அது.
வெளியே நின்றபடியே தெரிகிறது.
திறக்கத்தான் முடியவில்லை.

இந்த ஊரைப் பற்றி அடுக்குவார்கள்:
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு.
சாமி எங்கேயும் போகவில்லை,
அத்தனை காலமும் சத்துவாச்சாரியில் இருந்தார்,
நாலைந்து கிலோமீட்டர் தள்ளி.
ஆறும் அப்படித்தான், மணலுக்குக் கீழே.
அது எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று
நாடா விட்டுப் பார்க்கத்தான்
அறுபத்து மூன்று கிணறுகளுக்குப்
பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன்.
துறை கேட்டது வருஷத்துக்கு நாலு அளவு.
மீதி எட்டும் நானாக எடுத்தது.
அவை வேறெங்கும் இல்லை.

"மொத நாளே முப்பத்திரண்டு எழுத்து காட்டியிருக்கும்.
எழுதி வெச்சுக்கோன்னு கெஞ்சியிருக்கும்.
எழுதினீங்களா?"
எழுதியிருப்பேன் என்றேன்.
எங்கே என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

கட்டிலுக்கடியில் பத்தொன்பது நோட்டு.
மூன்றாம் நாள் கிடைத்தது.
2012 ஜனவரி, கவசம்பட்டு, கிணறு எண் 41.
மேலே 11.40. கீழே 9.85.
இதற்கு நேராக
ஏழு, இ, பூச்சியம், சி, நாலு, நாலு, எஃப் என்று
எந்தக் கிணற்றிலும் இல்லாத ஓர் ஆழம்.
அன்று கைக்கு அகப்பட்ட காகிதம் அதுதான் போல.
ஓரத்தில் சிவப்பு மையில்
மேலதிகாரியின் கேள்விக்குறி.
நான் பதில் எழுதவே இல்லை.

பதினேழாவது எழுத்தில் நீர்க்கறை.
ஆறா, பி-யா?
மெஹ்தாப் ஆறு அடித்தாள்.
அதே பிதற்றல்.
பி அடித்தாள்.

விரிஞ்சிபுரம். மாதனூர். பெருமுகை.

"பிரதி எடுக்காம எதையும் தொடாதீங்க சார்"
என்று பென் டிரைவைச் செருகினாள்.
தொட்டேன்.
2021 நவம்பர், பாலாறு இரு கரையும் போன மாதம்.
கட்டங்களில் பாதிக்கு எண்ணே இல்லை:
வழி இல்லை, வழி இல்லை, தோப்பு முழுகியது.
நாற்பத்தொன்றுக்கு நேராக அடித்திருக்கிறேன்:
நாடா தேவைப்படவில்லை. குனிந்து கையால் தொட்டேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு
"எந்தக் கை சார்?" என்றாள்.

நாலு சதவீதம் ஏறியிருந்தது.