நான்காம் கிடங்கு

நான்காம் கிடங்கின் முகவரி கேட்கிறீர்கள்.
சொல்கிறேன், உட்காருங்கள்.
அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் மூன்று.

போன ஆகஸ்டில் அக்ராவிலிருந்து ஒருவர் வந்தார்.
சட்டையில் ஒரு மடிப்பும் கலையவில்லை,
டிரோட்ரோவில் நசுங்கி வந்தவர் இல்லையென்று
அதிலேயே தெரிந்தது.
சுவரில் வெளிச்சம் பாய்ச்சி
எங்கள் உதிரிபாகக் கடையின் வருங்காலத்தைக் காட்டினார்.
பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.
முதலாளி ஒஃபோசு கைதட்டினார்.
மின்சாரம் போனது.
இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:
'பயப்படாதீர்கள், எல்லாம் மேகத்தில் இருக்கும்.'

மேகத்துக்கு மாத வாடகை நாற்பது டாலர்.
ஒரு காசும் அவர்கள் ஏற்றவில்லை, நியாயமானவர்கள்.
எங்கள் நாட்டுப் பணத்துக்குத்தான் செடி என்று பெயர்.
மாதாமாதம் அது வாடியது.
ஜெனரேட்டர் குடித்த டீசலை
எந்தத் தலைப்பில் எழுதுவதென்று கேட்டேன்.
'இதர' என்றார்கள்.
இப்போது இந்தக் கடையில் பெரிய செலவு இதரதான்.

பழைய நோட்டில் கோஃபி மூன்று பேர்.
வெள்ளிக்கிழமை பிறந்த ஆணெல்லாம் கோஃபி, என்ன செய்ய?
சிவப்பு டாக்சிக் கோஃபி, இடதுகைக் கோஃபி,
பேசாத கோஃபி என்று பிரித்து வைத்திருந்தோம்.
கணினி மூவரையும் ஒருவராக்கி
'இரட்டிப்பு நீக்கப்பட்டது' என்றது.
பேசாத கோஃபி வந்து
மூன்று பேர் கடனையும் ஒரே சீட்டில் வாங்கிப் படித்தார்.
அன்றைக்குப் பேசினார்.

பிறகுதான் பேரிங் விவகாரம்.
திரையில் பதினான்கு இருந்தது.
ஏணி போட்டு ஏறினேன்.
தட்டில் ஹர்மட்டான் தூசி,
தூசியில் பதினான்கு சுத்தமான வட்டங்கள்.
காரணத்தைத் தேர்ந்தெடு என்றது கணினி:
விற்றது. உடைந்தது. திருட்டு.
மூன்றைத் தவிர நான்காவது இல்லை.

நியார்கோ கொடுத்தனுப்பியிருக்கிறான், பட்டறைகளுக்கு.
இங்கே வியாபாரம் அப்படி:
மெக்கானிக் கொண்டுபோய் மாட்டுவார்,
வண்டி ஒபுவாசி போய்த் திரும்பினால் பணம் வரும்,
திரும்பாவிட்டால் பேரிங் வரும்,
மண்ணெண்ணெயில் துடைத்து, காகிதத்தில் சுற்றி.
திருட்டு என்று அழுத்தினால்
அன்றைக்குக் கிடங்கில் நின்றவன் பெயர்
தானாகவே முதலாளிக்குப் போய்விடும்.
நியார்கோவுக்கு மனைவி ஏழாம் மாதம்.
விரலை எலிமேல் வைத்துக்கொண்டு
ஜெனரேட்டர் இருமும்வரை உட்கார்ந்திருந்தேன்.

'புதிய கிடங்கைச் சேர்' என்று
மூலையில் ஒரு பொத்தான் இருந்தது.
சேர்த்தேன். பெயர் கேட்டது. நான்கு என்றேன்.
பதினான்கையும் அங்கே மாற்றினேன்.
நன்றி செர்வா, என்றது.

கணினியைக் குறை சொல்ல வரவில்லை நான்.
நோட்டுக்குப் பக்கம் தீர்ந்தால் கடனும் தீர்ந்துவிடும்.
இது மறக்கவில்லை.
பட்டறை மாஸ்டர் அடோமாகோ,
முதலாளியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்,
ஐந்து மாதமாக நான்காம் கிடங்கிலிருந்து எடுத்ததில்
ஒன்றுக்குக்கூடப் பணமும் வரவில்லை, பொருளும் வரவில்லை.
திரையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு.
பத்து வருஷ நோட்டுகளில் அந்த நிறம் எனக்குத் தெரிந்ததில்லை.
முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.
அதற்கும் ஒரு பொத்தான் இருந்தால் நன்றாயிருக்கும்.

கடன் கொடுக்கும் வங்கிக்கு
கதவும் பூட்டும் உள்ள முகவரி வேண்டும்,
புரிகிறது ஐயா.
மற்ற மூன்று கிடங்கையும் சேர்த்தாலும்
நான்காவதில்தான் சரக்கு அதிகம் என்பதும் உண்மை.
வாசலில் நிற்கிற
அந்தச் சிவப்பு டாக்சியில்தானே வந்தீர்கள்?
மேட்டில் ஏறும்போது
பின்சக்கரத்தில் சத்தம் ஏதும் கேட்டதா?

கேட்டிருக்காது.
எழுதிக்கொள்ளுங்கள்.