ஆகக் குறைந்த தொகை

சித்ரா என்று சொன்னால்
ஊரில் யாரோ பெண் என்று நினைக்கிறார்கள்.
தீவு. எண்ணெய்க் கிடங்குகள், பட்டறைகள்,
மாடியில் எங்கள் ஆபீஸ்.
பதினோரு வருடமாக இங்கே உட்கார்ந்து
டெண்டருக்கு விலை எழுதுகிறேன்.

தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை.
சோப்பு விலை இறங்காது.
டீசல் இறங்காது.
உத்தரவாதக் கமிஷனில் பாங்க்
காலணா விட்டுத் தராது.
தாளில் எங்கே அழுத்தினாலும் கல்.
ஓர் இடம் மட்டும் உள்வாங்கும்:
நாற்பத்தேழாவது வரி.
ஆள் ஒன்றுக்கு, மாதம் ஒன்றுக்கு.

போன நோன்புக்கு முன்
அரசுப் பள்ளிகள் முப்பத்தொன்று,
துப்புரவு, மூன்று ஆண்டு.
கவர் ஒட்ட ஒரு மணி நேரம் இருந்தபோது
நோய் விடுப்புக்கு மாற்றாள் என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
நூற்றுப் பதினைந்து
நூற்றுப் பன்னிரண்டு சொச்சம் ஆனது.
ஒருத்தருக்கும் காய்ச்சல் வராது என்று
மூன்று ஆண்டுக்கு நான் கொடுத்த வாக்கு.
வென்றோம். முதலாளி எல்லோருக்கும்
மீன் மஷ்பூஸ் வரவழைத்தார்.

செவ்வாய்க்கிழமை. டிவியில் பாராளுமன்றம்.
எகிப்துக்கார வஜீஹ் அரைக் காதைக் கொடுத்து
ரசீது அடுக்கிக்கொண்டிருந்தான்.
அரசுக் கொள்முதல் சட்டத்துக்குத் திருத்தமாம்.
ஆதரித்துப் பேசுகிறவர் மர்ஸூக்,
முஹர்ரக் பக்கத்து உறுப்பினர்,
முன்னாள் மின்வாரிய எஞ்சினியர்.
இவர் எழுந்தாலே மற்றவர்கள்
போனை எடுத்துவிடுவார்களாம்.
மர்ஸூக் என்றால் என்ன அர்த்தம்?
வஜீஹ் யோசித்துச் சொன்னதை
நான் இப்படிப் புரிந்துகொண்டேன்:
படியளக்கப்பட்டவன்.

முதல் கால் மணி நேரம் வெறும் உட்பிரிவுகள்.
ஆகக் குறைந்த தொகைக்கே வேலை
என்ற விதியை எடுங்கள்.
வென்றவன் விலையை வரிவரியாக வெளியிடுங்கள்.
கூலி போட்டிக்கு வெளியே நிற்கட்டும்.
கேமரா சலித்துப்போய்
கூரை விளக்கைக் காட்டியது.

பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.
ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.
நூற்றுப் பன்னிரண்டு தினார், நானூறு ஃபில்ஸ்.
அரபியில் எனக்கு எண்கள் தெரியும்.
அது யார் கைக்கு எப்படிப் போனதோ,
என் விரல் அடித்த எண்.

சபை நடுவில் கழித்துக்கொண்டே போனார்.
விசா. பஸ். கட்டில். இரண்டு சீருடை.
கம்பெனிக்கு லாபம்.
மிச்சத்தை அவர் சொல்லவில்லை,
நீங்களே கழியுங்கள் என்று நின்றார்.
யாரோ இருமினார்கள்.
நான் கழிக்க வேண்டியதில்லை.
மிச்சத்தில் தொடங்கித்தான்
அந்த விலையையே கட்டியிருந்தேன்.

உட்காருமுன் ஒரு சொல் சொன்னார்.
வஜீஹ் அதற்கு ஆங்கிலம் தேடினான்.
மலிவு, இல்லை, மலிவுக்கும் கீழே,
மாடு சம்பந்தப்பட்டது, என்று திணறினான்.
விடு, என்றேன். எங்களிடம் இருக்கிறது.
அடிமாட்டு விலை.

வாக்கெடுப்பு இல்லை.
குழுவுக்கு அனுப்பிவிட்டு
லுஹர் தொழுகைக்கு எழுந்தார்கள்.

மாலை போசய்யா குப்பைக் கூடை எடுக்க வந்தான்.
கரீம்நகர்க்காரன். காலையில் பள்ளி,
மாலையில் எங்கள் ஆபீஸ். இந்த இரண்டாவது வேலை
எந்த வரியிலும் இல்லை.
ஏன் சார், எல்லோரும் டிவி பற்றியே பேசுறீங்க?
உன்னைப் பத்தித்தான் பேசினாங்க.
என் பேர் சொன்னாங்களா?
விலை சொன்னாங்க.
சிரித்தான்.
நல்ல விலையா, என்று கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல்
கூடையைக் கவிழ்த்தான். மேலாக
என் பழைய கணக்குத் தாள்கள்.

திங்கள் நண்பகல் அடுத்த கவர் மூடுகிறது.
ஆஸ்பத்திரிச் சலவை, அறுபது ஆள்.
மாற்றாள் கட்டத்தில் ஓர் எண் வைத்தேன்.
முதலாளி பார்த்தார். கோபம் இல்லை.
சட்டம் வரட்டும், அப்புறம் நாமும் நல்லவனாகலாம்,
இப்ப நீயே அழிச்சிடு, என்றார்.

இன்று வியாழன்.
கர்சர் அந்த எண்ணுக்குப் பின்னால்
மினுங்கிக்கொண்டிருக்கிறது.