ஓட்டைக் காசு

முரொரான் துறைமுகத்துக்குப் பின்னால்
டயர்க் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
ஒன்பதே நாற்காலி போட்ட சுஷிக் கடை.
பதினொன்றரைக்கு வாசலில் திரை தொங்கும்.
ஒன்றரைக்குள் மீன் தீர்ந்துவிடும்.
எனக்கு வாய்ப்பது முக்கால் மணி நேரம்:
பன்னிரண்டே காலுக்கு ஒருவனை இறக்கிவிட்டு
ஒரு மணிக்கு அடுத்தவளை ஏற்ற வேண்டும்.

கார் ஓட்டக் கற்றுத்தருவது என் பிழைப்பு.
பத்தொன்பது வருடமாக இடப்பக்க இருக்கையில்
கையில் ஸ்டியரிங் இல்லாமல்
காலடியில் ஒரு பிரேக்கோடு
பிறர் பயத்தில் ஊர் சுற்றுகிறேன்.
இன்று காலை ஒரு பையன்
பின்னால் எடுக்கும்போது மூன்று கூம்புகளைக் கொன்றான்.
நாலாவதை நான் காப்பாற்றினேன்.

அந்தப் பசியோடு உள்ளே நுழைந்தால்
சுவரில் ஒரு புதுக் காகிதம்.
மதியச் செட் தொள்ளாயிரத்தின் மேல்
தொள்ளாயிரத்து ஐம்பது.
பசை காயவில்லை. ஓரம் தூக்கிக்கொண்டு
பழைய விலை
ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கிறது.

எல்லோர் முன்னும் டீ வைக்கும்போது
கடைக்காரர் இசொகாய்
வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை கூடக் குனிந்தார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எஃகு ஆலை நீலச்சட்டைக்காரர் இருவர்
காகிதத்தைப் படித்தார்கள்,
பிறகு தங்கள் பூட்ஸைப் படித்தார்கள்.
பல் மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் ஹிசானோ
"எனக்கு ஒரு செட்" என்றாள்
நேற்றுச் சொன்ன அதே குரலில்.
விலை நிறைவேறியது.

மரப் பலகையில் எட்டுத் துண்டு.
முதலில் கணவாய்.
பல்லுக்குப் பிடிகொடுக்காமல் கொஞ்சம் முரண்டு,
பிறகு சட்டென்று இனிப்பு.
சூரை,
ஞாயிற்றுக்கிழமை மினுக்கு இல்லாத
வேலைநாள் சிவப்பு.
வினிகரில் குளித்த கானாங்கெளுத்தி;
அதன் தோலில் மழை நின்ற தார்ச்சாலை.
சோற்றில் இன்னும் கைச்சூடு.
அவர் உள்ளங்கையிலிருந்து என் வாய்க்கு
இரண்டடி தூரம்கூட இல்லை.
வசாபி கொஞ்சம் தூக்கல்.
மூக்குக்குள் ஒரு சன்னல் திறந்து மூடியது.
முட்டைத் துண்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்றால்,
தேவைதான்.

டாக்சிக்கார ஹொன்மா பத்து நிமிடத்தில் முடித்து எழுந்தார்.
ஆயிரம் யென் நோட்டைக்
கோப்பைக்கு அடியில் செருகிவிட்டு
கதவைச் சாத்திப் போய்விட்டார்.
மறதியா, மரியாதையா?
மீதி நூறாக இருந்தவரை
ஒருநாளும் மறந்ததில்லை அந்த மனுஷர்.

இசொகாய் நோட்டைப் பார்த்தார்.
பாதி பிடித்த சோற்றை
ஹிசானோவின் கண்ணெதிரே அப்படியே போட்டுவிட்டு
வெள்ளை ரப்பர் பூட்ஸ் சளக் சளக்கென்று
தூறலுக்குள் பாய்ந்தார்,
விரலிடுக்கில் ஓட்டையுள்ள ஐம்பது யென்.

கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது:
முனையில் சிவப்பு விளக்கு, நிற்கும் டாக்சி,
சந்திலிருந்து திரும்பும் மீன் லாரி.
இசொகாய் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

என் வலது கால்
மேசைக்கு அடியில்
இல்லாத பிரேக்கை மிதித்தது.

லாரி நின்றது.
என்னால் இல்லை என்று எனக்குத் தெரியும்,
காலுக்குத் தெரியவில்லை.

அவர் டாக்சிக் கண்ணாடியைத் தட்டுகிறார்.
ஹொன்மா நேரே முன்னால் பார்க்கிறார்,
என் மாணவர் எவரும் இதுவரை பார்த்திராத அளவு நேராக.
விளக்கு பச்சைக்கு மாறுகிறது.
பின்னால் நிற்கும் காரும்
ஹார்ன் அடிக்காமல் காத்திருக்கிறது.
கடைசியில் கண்ணாடி ஒரு விரல் இறங்க,
உண்டியலில் போடுவதுபோல்
காசைப் போட்டார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து
முழங்கை வரை கை கழுவி
ஹிசானோவுக்குப் புதிதாகச் சோறு பிடித்தார்.
அதற்குள் அவள் எழுந்து போய்
தூக்கிநின்ற காகித ஓரத்தைக்
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டியிருந்தாள்.

நான் முட்டையைத் தின்றேன்.
மிசோ சூப்பின் அடியில் கிடந்த
இரண்டு சிப்பிகளையும் விடவில்லை.
மழையில் இன்னொரு தரம் அவரை ஓடவிட மனசில்லாமல்
எண்ணி வைத்தேன்:
ஒரு ஐந்நூறு, நாலு நூறு, ஒரு ஓட்டைக் காசு.

ஒரு மணிக்கு ஏறியவள்
காருக்குள் என்ன வாசம் என்றாள்.
கானாங்கெளுத்தி என்றேன்.
கண்ணாடியைச் சரிசெய்,
கிளம்பலாம்.