கோடரி இருந்த இடம்

மெஹ்ரோலிக்குத் தெற்கே, ஆரவல்லிச் சரிவில்,
ஒரு பாய் விரிக்கும் அளவு நிலத்தில்
நூற்றுப் பன்னிரண்டு கற்சில்லுகள்.
எண் போட்டு உறையிலிட்டு
முனிர்க்கா மூன்றாம் மாடிக்குச் சுமந்து வந்தோம்
நானும் ஃபர்ஹீனும்.

ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.
கடைசி அடியிலிருந்து முதல் அடிக்குப்
பின்னோக்கி நடப்பது.
அடித்தவன் என்று எழுதுகிறேன்.
அடித்தவளாகவும் இருக்கலாம், எலும்பா கிடைத்தது
என்கிறாள் ஃபர்ஹீன், பிசினை ஊதியபடி.

ஜனவரி. ஹீட்டரில் ஒரு கம்பிதான் சிவக்கிறது.
எதனோடும் சேராமல் கிடந்த ஒன்பது
இரவு இரண்டு மணிக்கு
நாற்பதோடு போய் ஒட்டிக்கொண்டது.
அந்நேரத்துக்கு டீ போட்டோம்.

எழுபத்தொன்றின் விளிம்பில்
ஒரே இடத்தில் ஐந்து அடி.
கல் பெயரவில்லை. மறுபடியும் அங்கேயே.
அது வேறு கை.
பக்கத்தில் உட்கார்ந்து யாரோ பழகியிருக்கிறார்கள்.
இல்லையென்றால்
அன்றைக்கு யார்மீதோ கோபம்.
அறிக்கையில் கோபத்தை எழுத முடியாது.

மார்ச்சில் மேசைமேல் எழுந்து நின்றது கல்,
உரிக்காத தேங்காய் அளவுக்கு.
நடுவில் மட்டும் பொந்து.
வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்;
மழை வந்ததோ, மான் தென்பட்டதோ,
நமக்கு விட்டது உமி.

பொந்துக்குள் எண்ணெய் தடவி
பிளாஸ்டர் கரைத்து ஊற்றினாள் ஃபர்ஹீன்.
பொறுக்காமல் கொஞ்சம் முன்னதாகவே பிரித்தேன்.
உள்ளங்கையில் வந்து அமர்ந்தது
வெள்ளையாய் ஒரு கைக்கோடரி,
வெதுவெதுப்பாக.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும்.
தெரிந்ததுதான்.
ஆனாலும் சட்டென்று
கீழே வைக்க முடியவில்லை.