தவறி வந்த தபால்

மஞ்சக்குப்பத்தில் காலை ஆறேகாலுக்குப்
பை அவிழும்.
இன்றைக்கும் ஒன்று:
வ. முத்துராக்கு, மேல் லைன், கூடலூர்.
மாவட்டம் எழுதவில்லை.
பின்கோடில் பாதியை மழை தின்றிருந்தது.
அனுப்புநர் கட்டத்தில்
‘மகன்’ என்று மட்டும்.
ஓரம் பிய்ந்த உறைக்குள்ளிருந்து
நீலகிரிக்குப் போகவேண்டிய ஒரு ஸ்வெட்டர்
எங்கள் உப்புக்காற்றை
எட்டிப் பார்த்தது.

‘தவறி வந்தது’ முத்திரையை எடுத்தார் தனகோட்டி.
இருங்க சார் என்றேன்.
ஒருவிதத்தில் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறது,
முந்நூறு வருஷம் பிந்தி.

இதுவும் கூடலூர்தான் என்பார்கள்.
கெடிலமும் உப்பனாறும் பரவனாறும்
கடலுக்குக் கொஞ்சம் முன்னால்
ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட இடம்.
எந்தக் கப்பல்காரன் நாக்கில் வழுக்கியதோ,
எந்தக் குமாஸ்தா மையை மிச்சம்பிடித்தானோ,
கூவின் சுழி அறுந்து
வெறும் க நின்றது.
யாரும் வழக்குப் போடவில்லை.
கூடிய தண்ணீர் கடலாவது
வழக்கம்தானே.

கோட்டை கைமாறிய நாளில்
பீரங்கி சுட்டு எல்லை வைத்தார்களாம்.
குண்டு விழுந்த மட்டும்
வாங்கியவனுக்குச் சொந்தம்.
கம்பங்கொல்லையில் விழுந்ததா,
உப்புப் பாத்தியில் விழுந்ததா,
மாடு மிரண்டு எந்தப் பக்கம் ஓடியது,
கதை சொல்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை.
குண்டு உப்பலவாடிக்கு இன்றும் தபால் போகிறது:
நகைக்கடன் நோட்டீஸ்,
மஞ்சள் தடவிய பத்திரிகை,
தேர்வாணையத்தின் மெல்லிய உறை.
முகவரி எழுதும் யாருக்கும்
அந்த மூன்றெழுத்து கனப்பதில்லை.

இன்னும் இருக்கின்றன.
திருப்பாதிரிப்புலியூர் என்று
ரயில்நிலையப் பலகை மூச்சுப்பிடித்துச் சொல்வதை
டவுன் பஸ் ‘பாப்ளியூர்’ என்று
ஒரே இழுப்பில் முடிக்கிறது.
பாதிரி மரமும் போச்சு, புலியும் போச்சு,
ஸ்டாப்பிங் மட்டும் மிச்சம்.
பழைய நகரத்துக்கு
இங்கிலீஷில் ரெண்டே எழுத்து.
ஓ.டி., ஓ.டி. என்று கண்டக்டர் கூவ
மீன்கூடையோடு
ஓடித்தான் வந்து ஏறுகிறார்கள்.

மணி ஏழு. வண்டி கிளம்பப் போகிறது.
கூடலூருக்குப் பக்கத்தில், சிவப்பு மையில்
நீலகிரி என்று எழுதினேன்.
எழுதும்போது விரல் தட்டியது:
பால்பாயிண்ட் அழுத்தி
அந்த மகன் போட்ட சுழி
உறையையே லேசாகக் கிழித்திருந்தது.

தனகோட்டி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.
அம்மாவின் ஊர்ப்பெயர்மேல்
பாதி ஏறி, பாதி விலகி
வட்டத்துக்குள் ஈரமாக
கடலூர்.