பிடிக்குள் இருப்பது

போன அக்டோபரில்
பூங்காவில், எட்டாம் அசைவின் திருப்பத்தில்
ஃபாங் குய்ஷியாவின் கையில் பிடி மட்டும் நின்றது.
வாள் பறந்துபோய்
கற்பூர மரத்தின் பட்டையைப் பெயர்த்துவிட்டு விழுந்தது.
மரத்துக்கும் அவளுக்கும் நடுவே
மூன்று விநாடிக்கு முன்புவரை
என் கழுத்து இருந்தது.

யாரும் பேசவில்லை. யாரோ இருமினார்கள்.
குய்ஷியா குஞ்சத்தைத் தடவிக்கொண்டே
"நூற்றெண்பது யுவான்" என்றாள்,
விலைதான் வீசியெறிந்தது போல.

பதினோரு பேர் பணம் சேர்த்தார்கள்.
முதலில் ஒன்று வாங்கு,
சரியென்றால் எல்லாருக்கும் வாங்கலாம்.
ஏன் நான்?
மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.
உள்ளே இருப்பது எனக்குத் தெரியும் என்று
ஒரு நினைப்பு.

லோங்ச்சுவானில் தெரு முழுக்க வாள்.
நாகம் பொறித்தது, கல்யாணப் பரிசுக்கானது,
சிறுவர்களுக்கான மரவாள்,
பெயர்ப்பலகையைவிட நீளமாய் ஒன்று, யாருக்கென்று தெரியவில்லை.
"சுவரில் மாட்டவா, வீசவா?"
கடைக்காரர் மா தெஷுன் கேட்டார்.
அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது.

கைக்காவலிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி
ஆள்காட்டி விரலில் கிடத்தினேன். நின்றது.
நகத்தால் சுண்டினேன். ஒலி நடுவில் உடையவில்லை.
வளைத்து விட்டேன். வளைந்ததே இல்லை என்பதுபோல் நேரானது.
பிடிக்குள்ளே?
குமிழை அறைந்து மூடியாச்சு, பிரித்தால் பாழ் என்றார்.
"ஒரே இரும்பு. நுனியிலிருந்து அடி வரைக்கும்."
மார்பில் கை வைத்துச் சொன்னார்.

மார்பில் கை வைப்பவர்களை
நான் தினம் பார்க்கிறேன்.
மூச்சை அடக்கச் சொல்லிவிட்டுப்
படம் எடுக்கிறேன்.

மச்சானின் காளான் வண்டியில் லீசுய் திரும்பினேன்.
உறைக்குள்ளும் காளான் வாசனை.

திங்கள் இரவுப் பணி.
ஒரு முன்கை, ஒரு விலா,
குடித்துவிட்டுப் படியில் விழுந்த ஒரு முட்டி.
பிறகு நாற்காலிகள் காலி.
வாளை மேசையில் கிடத்தினேன்.
பழக்கதோஷத்தில்
"அசையாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

திரையில்
பிடியின் மரம் மூடுபனிபோல.
அதனுள்ளே இரண்டு அங்குலம் இரும்பு.
அப்புறம் இரும்பு இல்லை, ஒரு கம்பி,
எலிவால் தடிமன்.
இரண்டும் சேருமிடத்தில் பற்றவைத்த முடிச்சு.
முடிச்சுக்குள் ஒரு காற்றுக்குமிழி,
பச்சைப்பயறு அளவு.
எலும்பில் இப்படி ஒன்றைக் கண்டால்
எந்த நேரமானாலும்
மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்புவேன்.

படத்தை அச்சிட்டேன்.
பதினெட்டு யுவானை என் பையிலிருந்தே
கல்லாவில் போட்டேன்.

ஞாயிறு. மறுபடி அதே வண்டி.
சண்டைக்கு ஆறு வாக்கியம் தயார் செய்திருந்தேன்,
ஆறாவதில் போலீஸ் வரும்.
மா தெஷுன் படத்தைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
பயறைப் பெருவிரலால் துடைத்துப் பார்த்தார்,
தூசியாக இருக்கட்டும் என்று.

பிறகு பின்கட்டுக்குப் போனார்.
உறை தேய்ந்து, பிடிக்கயிறு வியர்வையில் கறுத்த
ஒரு வாளோடு வந்தார்.

"இது விற்க இல்லை.
தினம் காலையில் நான் வீசுவது.
எதிரில் என் மனைவி நிற்பாள்."

அதை என் முன்னால் வைத்தார்.
கையை எடுக்கவில்லை.

"அதே பட்டறை" என்றார்.

என் ஆறு வாக்கியங்களும் எங்கே போயின தெரியவில்லை.
வெளியே மச்சான் ஹாரன் அடித்தான்.
சீமான் வீட்டுப் பிள்ளை ஒருவன் நாக வாளை முதுகில் மாட்டி
கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தெருவில் அன்று
முதல்முறையாகக் கடைக்காரர் விலை கேட்டார்.
"இப்படிப் படம் எடுக்க
எவ்வளவு ஆகும்?"

பதினெட்டு, என்றேன்.