கயிற்று மடிப்பு

எங்கள் பக்கத்தில் எம்பனாடாவைப்
பிட்டுப் பார்க்க வேண்டியதில்லை.
விளிம்பைப் பார்த்தால் போதும்.
கயிறு முறுக்கியதுபோல் இருந்தால் மாட்டிறைச்சி,
முள்கரண்டி பதிந்திருந்தால் சோளம்.
கீரைக்கு ஒரு மடிப்பு, வெங்காயத்துக்கு வேறொன்று.
ரொசாரியோவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும்
இந்த எழுத்து தெரியும்.

அதில்தான் நான் பொய் எழுதுகிறேன்.

ஞாயிறு மாலை மாவு பிசைகிறேன்,
பன்றிக்கொழுப்பு இல்லாமல், வெறும் எண்ணெயில்.
கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.
ஈரத்துணி போர்த்தி உறங்கவிட்டு
பரங்கிக்காயை வேகவைத்து மசிக்கிறேன்.
அது விடும் தண்ணீரை வடிக்காவிட்டால்
அடிமாவு சொதசொதத்துவிடும்;
துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிடுகிறேன்.
வதக்கிய வெங்காயம், சீரகம், மிளகாய்த்தூள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை ஆலிவ், கொட்டையோடு.
இறைச்சிக்குள் வைப்பதுதான் அது.
வேடம் என்றால் முழுசாகப் போட வேண்டும்.

எவரிஸ்தோ இருபத்திரண்டு வருஷமாக
வெட்டுக்கூடத்தில். மூன்றாம் வரிசை.
தோலுரிக்கும் கத்தி.
போன ஆகஸ்டில் ஒருநாள்
தட்டைத் தள்ளிவைத்தான்.
வயிறு சரியில்லையா என்றேன்.
வயிறு நன்றாகத்தான் இருக்கிறது என்றான்.
குளித்துவிட்டு வந்தவன்
மறுபடி போய்க் குளித்தான்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வேலையை விட முடியாது,
வீட்டுக்கடன் இன்னும் நாலு வருஷம்.
பன்னிரண்டு மணிக்கு
பதினோரு ஆட்கள் ஒரே பெஞ்சில்
டப்பாக்களைத் திறப்பார்கள்.

அதனால்தான்
கட்டைவிரலால் மடித்து, இழுத்து, மறுபடி மடித்து,
பதின்மூன்று முறுக்கு.
மேலே பால் தடவி
ஓவனில் இருபது நிமிஷம்.
குனிந்து கண்ணாடி வழியே பார்க்கிறேன்:
ஒன்று வாய் பிளந்துவிட்டது.
ஆரஞ்சு நிறம் கசிகிறது.
அதை நானே தின்றுவிடுகிறேன், நாக்கு வெந்தாலும்.
சாட்சி மிஞ்சக் கூடாது.

நேற்று டப்பா காலியாக வந்தது.
எப்போதும் ஒன்று மிச்சமிருக்கும்.
"புரூனோ எடுத்துக்கொண்டான்,"
பூட்ஸைக் கழற்றியபடியே சொன்னான்.
"கேட்கக்கூட இல்லை."

நான் குழாயை மூடினேன்.

"கடித்தான். உள்ளே பார்த்தான்.
விளிம்பைப் பார்த்தான்.
அப்புறம் என்னை.
முழுசும் தின்றுவிட்டு
கொட்டையைத் துப்பினான்."

"என்ன சொன்னான்?"

"உப்பு கம்மி என்றான்."

இன்று ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்.
இரண்டு உருண்டை மாவும்.